கணக்கில் வராத காய்கள்: ஊறுகாய் போடுவோருக்கும் விற்போருக்கும் ஒரு திறந்த மடல்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் வீட்டிலும் கடையிலும் ஊறுகாய் போடுவோர், விற்போர், வாங்குவோர் அனைவருக்கும்:

சிட்ரஸ் எனப்படும் எலுமிச்சை வகைக் கனிகளில் மூன்றுக்குத்தான் இந்தியாவில் நாட்டின் தோட்டக்கலைப் புள்ளிவிவரத்தில் நிலையான தனி இடம் உண்டு. எலுமிச்சை ஒன்று, கமலா ஆரஞ்சு (மாண்டரின்) வகை ஒன்று, சாத்துக்குடி ஒன்று. நார்த்தங்காய், கிடாரங்காய், கொழுமிச்சங்காய் போன்றவை 'பிற' என்ற வரிக்குள் போய்விடும். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு உலகக் கணக்கை எழுதுவதும் ஏறக்குறைய இப்படித்தான். ஆரஞ்சு, மாண்டரின், எலுமிச்சை, பம்பளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் என்று நான்கு தலைப்புகள். அவற்றில் அடங்காத எல்லாவற்றுக்கும் ஐந்தாவதாக ஒன்று. நார்த்தை, பெர்கமோட், கும்குவாட் மூன்றும் அந்த ஐந்தாவதில் ஒன்றாகக் கிடக்கின்றன.

இந்தக் கணக்கின் விளைவு வயல்வரை போகிறது. தனி வரி உள்ள பயிருக்குக் கன்று உற்பத்தி இலக்கு வைக்கலாம், மானியம் ஒதுக்கலாம், ஆராய்ச்சித் திட்டம் தீட்டலாம். 'பிற' என்ற வரிக்கு யாரும் நாற்றங்கால் அமைப்பதில்லை. கிராம அளவில் நிலைமை இன்னும் மோசம். காப்பித் தோட்டத்துக்குள் பத்து மரம், வேலியோரம் இரண்டு, கிணற்றடியில் ஒன்று என்று நிற்பவை கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் ஏறுவது அரிது. ஒரு ஏக்கர் வாழை எழுதப்படும். அந்த வாழைக்கு நடுவே முப்பது ஆண்டுகளாகக் காய்க்கும் நார்த்தை எழுதப்படாது. ஆகவே சிறு சிட்ரஸ் கனிகளின் போக்கை எண்களைவிட நிலத்தில் நடந்தவற்றை வைத்தே அறிய வேண்டியிருக்கிறது.

பெரிய கனிகளின் போக்கில் ஐயமில்லை. 2000-களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன்னாக இருந்த இந்தியாவின் மொத்த சிட்ரஸ் விளைச்சல், 2020-களின் தொடக்கத்தில் 1 கோடியே 40 லட்சம் டன் அளவை எட்டியது. அதில் எலுமிச்சை மட்டும் சுமார் 35 லட்சம் டன். உலக எலுமிச்சை விளைச்சலில் இந்தியா முன்வரிசையில் நிற்கிறது. ஆனால் இந்த வளர்ச்சி ஒரு சில வகைகளில், ஒரு சில வட்டாரங்களில் குவிந்தது. கலிஃபோர்னியாவில் எச்.பி. ஃபிராஸ்ட் கலப்பினச் சேர்க்கையில் உருவாக்கி 1935-இல் வெளியிட்ட கின்னோ, பஞ்சாபின் பழமாகவே ஆகிவிட்டது. பனிக்காலத்தில் பாண்டி பஜார் தள்ளுவண்டிகளில் பளபளவென்று அடுக்கி இருப்பதில் பெரும்பங்கு அதுதான். விதர்பாவை நாக்பூர் ஆரஞ்சும், ராயலசீமையையும் நல்கொண்டாவையும் சாத்துக்குடியும் பிடித்தன. சென்னையின் எலுமிச்சைக்கு வடக்கே கூடூர் வட்டாரமும் தெற்கே புளியங்குடிச் சந்தையும் வழிசெய்கின்றன. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 எலுமிச்சை, தென்காசிப் பக்கத்துக் கடையம் உள்ளூர் வகையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. ஊர் மரம் ஒன்றை ஆராய்ச்சி நிலையம் கவனித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது நல்ல சான்று. நார்த்தைக்கும் கிடாரத்துக்கும் அந்த அளவு கவனிப்பு இன்றுவரை வாய்க்கவில்லை.

இதில் வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. கணக்கின் கடைசியில் தள்ளப்பட்டவற்றுள்தான் இந்த இனத்தின் முன்னோர்கள் சிலர் இருக்கிறார்கள். சிட்ரஸ் மரங்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2018-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, அஸ்ஸாமை ஒட்டிய இமயத்தின் தென்கிழக்கு அடிவாரம், வட மியான்மர், மேற்கு யுன்னான் பகுதியை இவற்றின் தாயகமாகக் காட்டியது. அங்கிருந்து கிளைத்த முதன்மை வகைகளில் சிட்ரான் என்ற பெருநார்த்தை, பம்பளிமாஸ், மாண்டரின் மூன்றும் அடக்கம். பம்பளிமாஸும் மாண்டரினும் கலந்து சாத்துக்குடி உள்ளிட்ட இனிப்பு ஆரஞ்சு வந்தது. சாதத்தில் பிழியும் சிறு எலுமிச்சைக்குப் பெருநார்த்தை ஒரு பக்கத்துப் பெற்றோர். மேகாலயாவின் காரோ மலையில், நோக்ரெக் பகுதியில், காட்டுச் சிட்ரஸ் மரங்களுக்காகவே 1981-இல் மரபணுக் காப்பகம் ஒன்று அமைக்கப்பட்டது. சிட்ரஸ் இண்டிகா எனப்படும் காட்டு ஆரஞ்சு அங்கே இன்னும் நிற்கிறது. நோய் தாங்கும் குணம், வறட்சி தாங்கும் வேர், புது மணம் எல்லாவற்றுக்கும் நாளைய ஆய்வாளர் கைநீட்டப் போவது இந்த மரங்களிடம்தான்.

தமிழ்நாட்டில் இவை மலையடிவாரக் கலப்புத் தோட்டங்களை நம்பி வாழ்ந்தவை. கீழ்ப் பழநி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, ஆடலூர், பெரும்பாறை ஊர்களில் காப்பி, மலைவாழை, மிளகு, கமலா ஆரஞ்சு நான்கும் ஒரே நிலத்தில் நின்றன. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் ஆரஞ்சு மரங்கள் காப்பிக்கு நடுவே வளர்ந்தன. நார்த்தை, கிடாரம், கொழுமிச்சை எல்லாம் இந்தத் தோட்டங்களின் ஓரங்களில் தனிச்செலவின்றி நின்றவை. இந்த ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் குலைந்தது. வாழையை முடிக்கொத்து நோய் தாக்கியது. ஆரஞ்சை டிரிஸ்டிசா வைரஸும் கிரீனிங் நோயும் தின்றன. காப்பிக்கு நிழல் தரச் சில்வர் ஓக் நட்டார்கள். அதன் தண்டில் மிளகு ஏறியது, மரமும் விலை போயிற்று. ஓரத்துப் பழமரங்களுக்கு அங்கே இடம் சுருங்கியது.

கிரீனிங் நோய் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் கனிகளின் எதிர்காலமே அதில்தான் தொங்குகிறது. இது மரத்தின் உணவுக் குழாய்களில் வாழும் பாக்டீரியாவால் வருவது. சில்லிட் என்ற மிகச் சிறிய பூச்சி, நோயுற்ற மரத்தின் சாற்றை உறிஞ்சி அடுத்த மரத்துக்குக் கடத்துகிறது. இலையில் ஒழுங்கற்ற மஞ்சள் திட்டுகள், கோணலாகச் சிறுத்துப் பச்சையாகவே நின்றுவிடும் காய், நுனியிலிருந்து காயும் கிளை என்று மரம் சில ஆண்டுகளில் ஒடுங்குகிறது. குணப்படுத்த மருந்து இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இந்நோய் 2005-இல் கண்டறியப்பட்டது. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டியாக இருந்த அம்மாநில ஆரஞ்சு விளைச்சல், இருபது ஆண்டுகளில் 2 கோடிப் பெட்டிக்கும் கீழே விழுந்தது. நோயற்ற தாய் மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக் கன்றை நடுவதும், பூச்சியைக் கட்டுக்குள் வைப்பதும்தான் இன்றைக்குள்ள வழி. 1985-இல் நாக்பூரில் தொடங்கப்பட்ட தேசிய ஆய்வு மையம், இன்று மத்திய சிட்ரஸ் ஆராய்ச்சி நிறுவனம், நாக்பூர் ஆரஞ்சு, சாத்துக்குடி, எலுமிச்சை வகைகளில் நோயற்ற கன்றுகளைத் தருகிறது. நார்த்தை நட விரும்பும் திண்டுக்கல் விவசாயிக்கோ பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்து விதைதான் கதி.

விதையில்தான் அடுத்த சிக்கல். எலுமிச்சை விதை ஒன்றிலிருந்து பெரும்பாலும் பல முளைகள் வரும். அவற்றில் பல, மகரந்தச் சேர்க்கையில் உண்டான கருவிலிருந்து வராமல் தாயின் திசுவிலிருந்தே எழுபவை. அதனால் கன்று தாயைப் போலவே காய்க்கும். பம்பளிமாஸுக்கும் பெருநார்த்தைக்கும் இந்தக் குணம் இல்லை. ஒரு விதைக்கு ஒரே கரு. பிறக்கும் ஒவ்வொரு மரமும் புது மரம். தோலின் தடிப்பு, உள்வெண்மையின் கசப்பு, சாற்றின் அளவு எல்லாம் மாறும். சந்தையில் நார்த்தங்காய் என்ற பெயரில் வருபவை உருண்டையாகவும் நீண்டும், சொரசொரப்பாகவும் வழவழப்பாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கிடாரங்காயைத் தாவரவியலார் எல்லோரும் ஒரே இடத்தில் வைப்பதுமில்லை. ஊறுகாய்க்கு வாகான ஒரு மரத்தை வெட்டினால், பதியன் வைக்காத வரை, அந்தச் சுவை அத்தோடு முடிந்தது. நல்லவேளையாகப் பெருநார்த்தை தண்டுப் பதியத்தில் எளிதில் வேர்விடும். விண்பதியமும் பலனளிக்கும். விதையிலிருந்து காய்க்கப் பல ஆண்டு பொறுக்க வேண்டிய மரம், பதியத்தில் சீக்கிரமே காய்க்கும்.

சென்னையின் தென்பகுதிக்கும் இந்த மரங்களுக்கும் உள்ள உறவு சமையலறை வழியாக வந்தது. லஸ், அபிராமபுரம், காந்தி நகர், கஸ்தூரிபா நகர் தனி வீடுகளின் பின்கட்டில் கறிவேப்பிலை, முருங்கையோடு ஒரு நார்த்தையோ எலுமிச்சையோ நிற்பது வழக்கமாக இருந்தது. காய்க்காக வைத்ததைவிட இலைக்காக வைத்தது அதிகம். வேப்பிலைக்கட்டிக்கு வேண்டிய இளம் நார்த்தை இலை கடையில் கிடைக்காது. நரம்பை நீக்கி, எலுமிச்சை இலை, மிளகாய் வற்றல், ஓமம், பெருங்காயம், உப்பு சேர்த்து இடித்து உருட்டுவதற்கு மரமே வேண்டும். 1980-களுக்குப் பின் தனி வீடுகள் அடுக்குமாடிகளாக மாறியபோது, கார் நிறுத்த இடம் தேவைப்பட்டு முதலில் போனவை பின்கட்டு மரங்கள். இன்று வேப்பிலைக்கட்டியைப் பொட்டலமாக வாங்குவோர் மிகுதி. வீட்டில் இடிப்போர் அருகிவிட்டார்கள்.

உப்பு நார்த்தங்காயின் கதையும் அதே திசையில்தான் போகிறது. காயைத் துண்டாகாமல் சுருளாக அரிந்து, உள்ளே கல்லுப்பை அடைத்து, ஜாடியில் ஊறவிட்டு, பகலில் வெயிலில் வைத்து, மாலையில் மீண்டும் அதே உப்பு நீரில் போட்டு, நீர் முழுதும் வற்றும்வரை நாள்கணக்கில் செய்யும் வேலை அது. கையால் மட்டுமே அரிய முடியும். மொட்டை மாடி வேண்டும், வெயில் வேண்டும், காவல் இருக்க ஆள் வேண்டும். எண்ணெய் சேராத இந்த ஊறுகாய் ஆண்டுகள் தாங்கும். காய்ச்சல்காரரின் கஞ்சிக்கும் மசக்கைக்காரியின் குமட்டலுக்கும் தமிழ் வீடுகள் முதலில் எடுப்பது இதைத்தான். பெரிய ஊறுகாய் ஆலைகள் மாங்காயையும் எலுமிச்சையையும் முதன்மையாக நம்புவதற்குக் காரணம் தெளிவு: அவை லாரி லாரியாக ஒரே அளவில் வருகின்றன, இயந்திரத்தில் வெட்டுப்படுகின்றன. தடித்த உள்வெண்மையும் கசப்பும் உள்ள நார்த்தையைப் பக்குவப்படுத்தப் பழகிய கை வேண்டும். அந்தக் கைகள் இந்த மடலைப் பெறுவோரிடம்தான் மிஞ்சியிருக்கின்றன.

பம்பளிமாஸ் மட்டும் சற்று வேறு வழியில் போகிறது. பழக்கடைகளில் அதன் விலை ஏறியிருக்கிறது, உடல்நலம் கருதி வாங்குவோரும் உண்டு. ஆனால் கிரேப்ஃப்ரூட்டில் உள்ள ஃபியூரனோகூமரின் என்ற பொருள் இதிலும் உண்டு. கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகள், ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் உடலில் சிதைவதை அது தடுக்கும். அவற்றை உட்கொள்ளும் முதியவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

ஒரே வகையை நம்பினால் என்ன ஆகும் என்பதை 2022 ஏப்ரல் காட்டியது. அதற்கு முந்தைய மழைக்காலத்துப் பெருமழையில் ஆந்திரத்திலும் மகாராஷ்டிரத்திலும் எலுமிச்சையின் பூப்பிடிப்பு கெட்டது. செப்டம்பர்-அக்டோபரில் பூத்தால்தான் கோடையில் காய் வரும். வெயில் முன்கூட்டியே சுட்டெரிக்க, டீசல் விலையும் ஏற, நாடெங்கும் கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. ஒரு காய் 10 ரூபாய்க்கும் மேல் விற்றது. எலுமிச்சை விளைச்சலில் உலகில் முன்நிற்கும் நாட்டில், ரசத்தில் பிழியக் காய் இல்லாமல் போனது. அந்தக் கோடையில் கிடாரங்காய்ச் சாற்றையோ நார்த்தங்காய்ச் சாதத்தையோ நாடியவர் சிலரே. நாடியிருந்தாலும் வாங்குவதற்கு வரத்து இல்லை. கோயம்பேடு சந்தை 1996 முதல் இந்நகரத்துக்குக் காய் தருகிறது. நிச்சயமான தேவை இருக்கும் சரக்குத்தான் அங்கே நாள்தோறும் லாரி ஏறி வரும்.

தேவை எப்படி ஒரு காயைக் காப்பாற்றும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் மாவடுவும் மாகாளிக்கிழங்கும் பச்சை மிளகும் பருவம் தவறாமல் வருகின்றன. வாங்குவோர் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள், பேரம் பேசினாலும் வாங்காமல் போவதில்லை. அதனால் மலையிலிருந்து அவை இறங்குகின்றன. நார்த்தங்காய்க்கும் அந்த வீதியில் இடம் இருக்கிறது. அந்த இடம் ஆண்டுக்கு ஆண்டு நிச்சயமாக வேண்டும்.

அஸ்ஸாம் தன் காஜி நேமு எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடு வாங்கியது. 2024 பிப்ரவரியில் அதை மாநிலப் பழமாகவும் அறிவித்தது. பெங்களூரை அடுத்த தேவனஹள்ளியின் பம்பளிமாஸுக்கும் குறியீடு உண்டு. ஆனால் 2008-இல் அங்கே விமான நிலையம் திறந்தபின் மனை விலை ஏற, தோட்டங்கள் மனைகளாயின. நிலமும் வாங்குவோரும் இல்லாமல் குறியீடு மட்டும் மரத்தை நிறுத்தாது என்பதை அந்த ஊர் காட்டுகிறது. ஜப்பானின் கோச்சி மாகாணத்தில் உமாஜி என்ற மலையூர் இதற்கு நேர் எதிரான உதாரணம். மரம் வெட்டும் தொழில் நலிந்துபோன அந்தச் சிற்றூரில் இன்று ஆயிரம் பேர்கூட இல்லை. அங்கே விளைந்த யூசு என்ற புளிப்புக் காய் பார்வைக்கு அழகில்லாததால் பழமாக விலை போகவில்லை. ஊர்க் கூட்டுறவுச் சங்கம் 1980-களின் பிற்பகுதியில் அதைப் பிழிந்து சோயா கலந்த சாறாகவும் தேன் சேர்த்த பானமாகவும் ஊர்ப் பெயரோடு புட்டியில் அடைத்து நாடெங்கும் அனுப்பியது. யூசு இன்று உலகச் சமையல்காரர்கள் தேடி வாங்கும் சரக்கு. காய் அதேதான், அதைப் பக்குவப்படுத்தி, பெயர் சொல்லி விற்றவர்கள் இருந்தார்கள்.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் செய்யக்கூடியவை இதைவிடப் பெரியவை அல்ல. ஊறுகாய்க் கடைக்காரர்கள் புட்டியின் மேல் காயின் பெயரோடு அது வந்த மலையின் பெயரையும் அச்சிடலாம். சிறுமலை நார்த்தை, தாண்டிக்குடிக் கிடாரம் என்று. பருவத்துக்கு மூன்று மாதம் முன்பே விவசாயிக்கு அளவும் விலையும் சொல்லி முன்பணம் தரலாம். உறுதியான விலை தெரிந்தால்தான் ஓரத்து மரத்தை வெட்டாமல் விடுவதற்கு அவருக்குக் காரணம் இருக்கும். அடுக்குமாடிகளில் இருப்போர் சங்கமாகச் சேர்ந்து, மொட்டை மாடியில் பெரிய பீப்பாயில் ஒரு நார்த்தை வைக்கலாம். காய் கொஞ்சமாகவே வந்தாலும் இலை தாராளமாகக் கிடைக்கும். நாற்றங்கால்களில் கன்று கேட்டுப் பார்க்கலாம். கேட்பவர் பெருகினால் கன்று வளர்ப்பார்கள். கறிவேப்பிலைத் துளிரிலும் சில்லிட் பூச்சி குடியிருக்கும் என்பதால் இரண்டையும் தள்ளி வைத்து, துளிர்விடும் காலத்தில் இலையின் அடிப்புறத்தைப் பார்த்து வர வேண்டும். பறவை எச்சம்போல் தோன்றும் புழு இலையில் இருந்தால் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியுடையது. கையால் எடுத்துவிட்டால் போதும்.

இன்னொன்று உடனே செய்ய வேண்டியது. இந்தப் பகுதிகளில் தப்பியிருக்கும் பழைய வீடுகளின் பின்கட்டுகளில் காய்க்கும் நார்த்தை மரங்கள் இன்னும் சில நிற்கின்றன. இடிக்கும் நாள் குறிக்கப்பட்ட வீட்டில் அப்படி ஒரு மரம் இருந்தால், நோய்க் குறி இல்லாத கிளையில் மழை தொடங்கியதும் பதியன் போட்டு, வேர்விட்டபின் நான்கு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தோட்டக்கலைத் துறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் குடியிருப்போர் சங்கங்கள் எழுத வேண்டிய கடிதமும் உண்டு: நார்த்தை, கிடாரம், கொழுமிச்சை ஒவ்வொன்றுக்கும் கணக்கில் தனி வரி வேண்டும், நோயற்ற கன்று வேண்டும். அடுத்த முறை தெற்கு மாட வீதியில் காய் வாங்க நிற்கும்போது, எலுமிச்சையோடு ஒரு கிலோ நார்த்தங்காயையும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் எப்போது வரும் என்று கேட்டு, வரச் சொல்லிவிட்டு வாருங்கள்.